காஜா பேராங்கிலிருந்து வந்த மூடிமேசை

சனிக்கிழமை காலை, சிரம்பான்

“ஒரு மேசைக்காக ஐம்பது மைல் போகிறவள் இந்த மலாயாவிலேயே நீ ஒருத்திதான்” என்று சொல்லிக்கொண்டேதான் என் கணவர் என்னை மலாக்கா பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கட்டணம் இரண்டு வெள்ளி. ஜன்னலோர இருக்கை. பஸ் நகர்ந்த பிறகும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. அநேகமாக அதையேதான் இன்னொரு தடவை சொல்லியிருப்பார். நான் கையை ஆட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

நான் தேடிப் போனது சாதாரண மேசை இல்லை. வெள்ளைக்கார துரைமார் வீடுகளில் இருக்குமே, மூடியிருக்கும்போது சின்ன அலமாரி போலத் தெரியும். முன்பலகையைப் பிடித்துக் கீழே சாய்த்தால் அதுவே எழுதும் பலகையாகிவிடும். உள்ளே காகிதம், பேனா, மைக்கூடு வைக்கச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். எழுதி முடித்தால் பலகையைத் தூக்கிச் சாத்திப் பூட்டிவிடலாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் செக்ரட்டரி. “வாத்தியாரம்மாவுக்குச் செக்ரட்டரி கேட்குதாம்” என்று இவர் ரயில்வே ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சிரிக்கட்டும். எனக்கு வேண்டியது அந்தப் பூட்டு. பகலில் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். மாலையில் வார இதழ்களுக்குக் கதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஏழு பேர், ஒரே மேசை. நான் எழுதுவதும் அதில்தான், எல்லோரும் சாப்பிடுவதும் அதில்தான். ரசம் பட்ட கதைகளைப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், நான் அடுப்படிக்குப் போன நேரத்தில், என் கொழுந்தன் சந்திரன் பாதி எழுதியிருந்த கதையை எடுத்து, சாப்பாட்டுக்கு நடுவே குரலை மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினார். கதாநாயகி அழுகிற இடத்தில் அவரும் அழுது காட்டினார். என் பிள்ளைகள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் அப்பளம் பொரித்துக்கொண்டு கேட்டபடி நின்றேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அன்றோடு சரி, அதற்குப் பிறகு ஒரு வரிகூட என்னால் எழுத முடியவில்லை. பேனாவை எடுத்தால் சந்திரனின் குரலில்தான் என் வாக்கியம் எனக்கே கேட்கிறது.

ஆகவே பூட்டுப் போட்ட மேசை கிடைத்தால் எழுதுவேன், இல்லாவிட்டால் இத்தோடு விட்டுவிடுவேன் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கிண்டல் வரும்.

ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா. வழியெல்லாம் ரப்பர் மரங்கள், நடுநடுவே மலாய்க் கம்பங்களின், அதாவது கிராமங்களின், கொம்பு போல வளைந்த கூரைகள். பழ சீசன் என்பதால் சாலையோரம் முழுக்க டுரியான் குவியல். பஸ்ஸுக்குள் யாரோ ஒரு சாக்கு ஏற்றிவிட்டார்கள். எனக்குப் பக்கத்து இருக்கைச் சீனக் கிழவர் அந்த வாசனையில் நிம்மதியாகத் தூங்கினார். சுதந்திரம் வந்து ஓராண்டு நிறையப் போகிறதே என்று தம்பினில் கடைகளுக்கு இப்போதே கொடித் தோரணம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

சனிக்கிழமை நண்பகல், ஜோங்கர் வீதி

எனக்கு மேசை பார்த்து வைத்திருந்தவர் காதர் பாய். என் கணவருடைய பழைய சிநேகிதர். மலாக்காவில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். இப்போது பழைய சாமான் வியாபாரம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியதிலிருந்து அவருக்கு ஓய்வே இல்லை. துரை ஊருக்குக் கிளம்பினால் வீட்டுச் சாமான் முழுக்க ஏலத்துக்கு வரும். அதை இங்கே லேலோங் என்கிறார்கள்.

“வாங்க டீச்சரம்மா! மச்சான் சுகமா? செக்ரட்டரி கேட்டீங்களாமே, கடை நிறைய வச்சிருக்கேன், எந்தச் செக்ரட்டரி வேணும் பாருங்க!” என்று வாசலிலேயே ஆரம்பித்தார். இவர் இங்கேயும் சொல்லி வைத்திருக்கிறார், பாருங்கள்.

ஆனால் கடைக்குள் நுழைந்ததும் என் கோபமெல்லாம் பறந்துவிட்டது. எத்தனை வகை மேசை! ஒன்றுக்குப் பலகையே இல்லை; மெல்லிய மரச் சட்டங்களைக் கோத்த திரை ஒன்று மேலிருந்து உருண்டு வந்து மூடுகிறது. நான் அதை நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கடகடவென்று வண்டிச் சத்தம். வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிடும். இன்னொன்றின் தலையில் கண்ணாடி போட்ட புத்தக அலமாரி. எங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்தால்தான் உள்ளே போகும். டச்சுக்காரன் காலத்துத் தேக்கு என்று பாய் காட்டிய ஒன்றில் ரகசிய இழுப்பறை இருந்தது. உள்ளே ஒரு குமிழை அழுத்தினால் தூணைப் போலிருந்த பலகை தானாக முன்னே வந்தது. ஆவலோடு எட்டிப் பார்த்தேன். செத்த கரப்பான் ஒன்று மல்லாந்து கிடந்தது.

“துரை சொத்து” என்றார் பாய்.

அந்த மேசையே எனக்குப் பிடித்திருந்தது. கால் மட்டும் செல்லரித்திருந்தது. பாய் என்னை ஏமாற்ற விரும்பவில்லை. “இது வேணாம்மா. உங்களுக்கு நான் சொன்னது காஜா பேராங்குல இருக்கு, செட்டி வீட்டுல. சின்ன சைஸ், நல்ல பூட்டு, சாவியும் இருக்கு. அந்த வீட்டு மகனுக்குக் கிள்ளானுக்கு மாத்தல் ஆயிருச்சு. ரயில்வே குவார்ட்டர்ஸ் குறுகல் மாடிப்படியில அது ஏறாதாம். வித்துடணும்னு என்கிட்ட சொன்னாரு. நான் கடைய விட்டுட்டு வர முடியாது, நீங்க பெச்சாவுல போய்ப் பாத்துட்டு வந்துருங்க.”

பெச்சா என்பது மூன்று சக்கர ரிக்‌ஷா. கடைத்தெருவிலிருந்து காஜா பேராங்குக்கு நாற்பது காசு. காஜா என்றால் யானை, பேராங் என்றால் கடுங்கோபம் என்று பெச்சாக்காரர் சொன்னார். கோபக்கார யானைக்கு ஒரு ஊர்! என் வீட்டுக்காரர் இதைக் கேட்டால் எனக்கேற்ற ஊர் என்பார்.

சனிக்கிழமை பிற்பகல், காஜா பேராங்

மலாக்கா செட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாம் அறிந்த வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு. இவர்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வணிகத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்ட தமிழர்களின் வழி. கும்பிடுவது நம் சாமி, வைப்பது நம் பெயர், பேசுவது மட்டும் மலாய். அதில் அங்கங்கே தமிழ்ச் சொல் ஒன்று, சோற்றில் கடிபடும் மிளகு போல.

வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாவும் சாரோங்கும் உடுத்தியிருந்தார். நெற்றியில் பளிச்சென்று திருநீறு. பெயர் மங்களம். மூத்த பெண்களை இங்கே பீபிக் என்று அழைப்பார்களாம். நானும் அப்படியே அழைத்தேன். மகன் அருணாசலம் குவார்ட்டர்ஸைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போயிருக்கிறார், இரவு வருவார் என்றார். எனக்குத் தெரிந்தது சந்தையில் மீன் வாங்குகிற மலாய். அதை வைத்துக்கொண்டு மேசையைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

கூடத்தின் மூலையில் நின்றது. பார்த்தவுடனே எனக்கு மனதுக்குள் ஒன்று சொல்லியது, இதுதான் என்று. என் தோள் உயரம்கூட இல்லை. கருஞ்சிவப்பு மரம், பித்தளைச் சாவித்துளை. பீபிக் இடுப்புச் சாவிக் கொத்தால் திறந்து பலகையைச் சாய்த்தார். இரண்டு பக்கமும் பித்தளைக் கைகள் நீண்டு அதைத் தாங்கின. உள்ளே எட்டு மாடங்கள், நடுவில் குட்டிக் கதவு. பலகையின் மேல் பதித்த பச்சைத் தோலில் வட்ட வட்டமாகக் கறை. மைக்கறையாக்கும் என்று குனிந்து முகர்ந்தேன். மை வாசனை இல்லை, ஏதோ இனிப்பு வாசனை. ஏன் என்று அப்போது புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தேன். முழங்கைக்கு அளவெடுத்தது போல இருந்தது. பலகையைத் தூக்கிச் சாத்தினேன், பூட்டினேன், திறந்தேன், மறுபடி பூட்டினேன். அந்த டக் என்ற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்திரன் என்ன, சந்திரனின் அப்பன் வந்தாலும் திறக்க முடியாது.

“எவ்வளவு?” என்று கேட்டேன்.

பீபிக் தலையை ஆட்டினார். “மேஜா சுடா பார்ச்சு” என்றார்.

மேஜா, மேசை. சுடா என்றால் ஆகிவிட்டது. பார்ச்சு? அட, நம் தமிழ்! ‘பார்த்தாச்சு’ என்பதைத்தான் இந்த அம்மா பார்ச்சு என்கிறார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. தமிழே பேசாத வீட்டில் ஒரு தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டேனே! அடுத்த நொடியில்தான் அர்த்தம் உறைத்தது. மேசையைப் பார்த்தாச்சு. யாரோ எனக்கு முன்னால் வந்து பார்த்துப் பேசி வைத்துவிட்டார்கள்.

“சியாப்பா?” யார் என்று கேட்டேன்.

“டத்தோ லா” என்றார் சர்வ சாதாரணமாக.

லா என்பது இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டும் வால். ஆனால் டத்தோ! சுல்தானிடமோ கவர்னரிடமோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு மேசை கேட்டால் யார் இல்லையென்பார்கள்? எப்போது வருவார் என்று கேட்டேன். நாளைக்கு டத்தோ சாப்பிட வருகிறார் என்றார் பீபிக். “பேசோக் டத்தாங் மாக்கான்.” சாப்பாடு வேறா! விருந்து வைத்து மேசையை அனுப்பி வைக்கப் போகிறார்கள்.

“நானும் நாளைக்கு வரலாமா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது. பீபிக் முகம் மலர்ந்து, “மாரி லா, மாரி” என்றார். வா, வா என்று அர்த்தம். போட்டியாளரையும் விருந்துக்கு அழைக்கிற வீடு!

சனிக்கிழமை மாலை, கிளேபாங்

காதர் பாயின் வீடு கிளேபாங்கில், கடலுக்குப் பக்கத்தில். பாயின் மனைவி ராபியா மீன் ஆணமும் இடியாப்பமும் வைத்துக் காத்திருந்தார். நான் சாப்பிடாமல் நடந்ததைக் கொட்டினேன்.

“மேசையை ஏற்கெனவே பாத்தாச்சாம். யாரோ ஒரு டத்தோ. நாளைக்கு விருந்துக்கு வர்றாராம்.”

பாய் கையிலிருந்த இடியாப்பம் தட்டிலேயே விழுந்தது. “டத்தோவா? எந்த டத்தோ?”

“யாருக்குத் தெரியும்? டத்தோ லான்னாங்க.”

“என்கிட்ட அருணாசலம் ஒரு வார்த்தை சொல்லலையே! டீச்சரம்மா, விட்டுருங்க. பெரிய இடம். நமக்கு எதுக்கு சுசா?” சுசா என்றால் தொல்லை, இங்கே தமிழர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

“ஏன் விடணும்? அவருக்கு ஆபீஸ்ல பத்து மேசை இருக்கும். ஆளுக்கு ஒரு ஓட்டுன்னுதானே சொல்றாங்க? அப்ப மேசைக்கும் அப்படித்தான்!”

ராபியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நீங்க போங்கம்மா. டத்தோன்னா என்ன, கடிச்சா தின்னுடுவாரு? நேரா மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. இவரு கிடக்கிறாரு, பயந்தாங்கொள்ளி.”

“நான் வரமாட்டேன்” என்றார் பாய் உடனே. “லைசென்ஸ் வச்சுப் பொழைக்கிறவன் நான்.”

படுப்பதற்கு முன் டத்தோவிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். ‘மாண்புமிகு டத்தோ அவர்களே, தங்களுக்கு இது ஒரு மேசை. எனக்கோ இது...’ அதற்கு மேல் போனால் அழுகை வரும் போலிருந்தது. அழக் கூடாது என்று அந்த இடத்தை வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மறுபடியும் காஜா பேராங்

இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் கார் எதுவும் இல்லை. அப்பாடா, டத்தோவுக்கு முன்னால் வந்துவிட்டேன். அருணாசலம் எதிரே வந்து வரவேற்றார். நாற்பது வயது, கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். அவருக்கும் எனக்கும் பொதுமொழி ஆங்கிலம்தான். பேசியதைத் தமிழில் தருகிறேன்.

கூடம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. பாய் விரித்து, வரிசையாக வாழையிலை போட்டு, மங்குஸ்தீன், ரம்புத்தான், லங்சாட், வாழைப்பழம் எல்லாம் பரப்பியிருந்தார்கள். என் மேசையின் பலகை சாய்த்திருந்தது. அதன் மேலும் ஒரு தலைவாழையிலை. அதில் டுரியான் சுளைகள், சோறு, குழம்பு, பக்கத்தில் பாலில்லாத காப்பி ஒரு கோப்பை. நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்குத் தரையில் பாய், டத்தோவுக்கு மேசை நாற்காலி! அதுவும் அந்தப் பச்சைத் தோலின் மேல் குழம்பு! வாங்கும் முன்னே பாழாக்கிவிடுவார் போலிருக்கிறதே.

“டத்தோ இன்னும் வரவில்லையா?” என்று கேட்டேன்.

“இப்போதுதான் அழைக்கப் போகிறோம்” என்றார் அருணாசலம்.

பீபிக் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து, “டத்தோ, மாரி, மாரி மாக்கான்” என்று அழைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒரு சேவல் போனது. பீபிக் உள்ளே வந்து, கைகூப்பி ஏதோ முணுமுணுத்து, எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். வாசலில் அருணாசலம், அவர் மனைவி, நான், பீபிக்.

என்னால் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்க முடியும்? அருணாசலத்திடம் மெதுவாக, “டத்தோ வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டீர்களே” என்றேன்.

“உள்ளேதான் சாப்பிடுகிறார். நாம் நின்றால் அவருக்குச் சங்கடம்.”

“எப்போது வந்தார்? நான் பார்க்கவே இல்லையே!”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “பார்க்க முடியாதம்மா. என் தாத்தா ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்.”

எனக்குத் தலை சுற்றியது. டத்தோ என்றால் மலாயில் தாத்தா என்றும் அர்த்தமாயிற்றே! பட்டம் என்ற அர்த்தம் என் தலைக்கு எப்படி முதலில் ஏறியது? நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மாண்புமிகு அவர்களே என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு, நான் சண்டைக்கு வந்தது இந்த வீட்டுப் பாட்டனாரிடம். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அருணாசலம் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் தாயிடம் மலாயில் சொல்ல, பீபிக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “டத்தோ கெரானி!” என்றார். அவர் டத்தோவுமில்லை ஒன்றுமில்லை, நில அளவை ஆபீஸ் கெரானி, அதாவது குமாஸ்தா.

“அப்படியானால் பார்ச்சு?”

“இதுதான் பார்ச்சு” என்று அருணாசலம் சாத்திய கதவைக் காட்டினார். “முன்னோருக்கு வைப்பது. பொங்கல் சமயத்தில் சோறு, பழ சீசனில் பழமும் சேர்த்து.”

படைச்சு! படையல்! மேசை படையலுக்கு ஆகிவிட்டது என்றுதான் பீபிக் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலும்தான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறோம். இந்தச் சொல்லை இவர்கள் இத்தனை காலம் விடாமல் வைத்திருக்கிறார்கள். நான் அதைக் காதில் வாங்கி வேறொன்றாக்கிவிட்டேன். தமிழ் வாத்தியாராம், தமிழ் வாத்தியார்.

கதவைத் திறந்து, எல்லோரும் பழத்தைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்தோம். போட்டிக்கு வந்த டத்தோ ஒழிந்தார் என்ற நிம்மதி எனக்கு ஒரு மங்குஸ்தீன் தின்னும் நேரம்தான் இருந்தது. உயிரோடிருக்கும் டத்தோவிடமாவது வாதாடலாம். இவரிடம் எப்படி வாதாடுவது?

பீபிக் விஷயத்தைச் சொன்னார். மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் முழங்கால் மடங்காது. துரை ஒருவரின் லேலோங்கில் வாங்கிய மேசை இது. இதில்தான் எழுதுவார், இதிலேயே இலை போட்டுச் சாப்பிடுவார். இறந்த பிறகும் மற்றவர்களுக்குப் பாயில் வைத்தால், அவருக்கு மட்டும் இந்தப் பலகையில். “அவரால் தரையில் உட்கார முடியாது” என்றார். அந்தக் கறைகள் எல்லாம் பல சீசன்களின் பழச்சாறு.

“கிள்ளானில் வேறு மேசை போட்டுக்கொள்ளலாம் அம்மா” என்றார் மகன்.

“நீயே அவரிடம் சொல்லிக்கொள்” என்றார் தாய். “கடைக்காரன் கையில் போனால் எந்த ஓட்டலிலாவது போடுவான். அதில் பீர் போத்தல் வைப்பார்கள். அவர் பசியோடு நிற்பார்.”

அருணாசலம் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். விற்காமலும் முடியாது, விற்கவும் விடமாட்டார் என்பது அந்தக் கைக்குப் பொருள்.

பீபிக் என் பக்கம் திரும்பி, “உனக்கு எதற்கு?” என்று கேட்டார். ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மீன் சந்தை மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். கதை, சந்திரன், அப்பளம், எல்லோரும் சிரித்தது, நான்கு மாதமாக எழுதாதது. வார்த்தை கிடைக்காத இடத்தில் தமிழ் வந்தது. தமிழும் தீர்ந்த இடத்தில் அழுதுவிட்டேன். வெட்டி வைத்திருந்த அழுகைதான்.

பீபிக் ஒரு மங்குஸ்தீனை உரித்து என் கையில் வைத்தார். பிறகு, “டத்தோவும் அப்படித்தான். அவர் காகிதத்தை யார் தொட்டாலும் வீடு இடிந்துவிடும்” என்றார். சுளையை நான் வாயில் போட்டதும், “உங்கள் வீட்டில் பார்ச்சு செய்வீர்களா?” என்று கேட்டார்.

“செய்வோம். டத்தோவுக்கும் செய்கிறேன். இந்தப் பலகையிலேயே.”

பீபிக் பெருமூச்சு விட்டார். “நீ வைப்பாய். ஆனால் டத்தோ தக் தாவ் ஜாலான்.”

டத்தோவுக்கு வழி தெரியாதாம். மனிதர் மலாக்காவை விட்டு எங்குமே போனதில்லை. கிள்ளானுக்கானாலும் சிரம்பானுக்கானாலும் அவர் எப்படி வந்து சேருவார்? இதுதான் அந்த அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்த கவலை. இப்போது பார்த்தால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

“நான் கூடவே போய் வழி சொல்கிறேன்” என்றேன்.

“தமிழில் சொன்னால் அவருக்குப் புரியாது.”

“மலாயில் சொல்கிறேன்.”

“ஒவ்வொரு திருப்பத்திலும்?”

“ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு பாலத்திலும்!”

பீபிக் எழுந்து போய் இடுப்புக் கொத்திலிருந்து சின்னச் சாவியைக் கழற்றினார். கையில் கொடுக்கவில்லை, முதலில் மேசையின் அருகே போய் அதன் காதில் சொல்வது போல ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகுதான் கொடுத்தார். விலையை மகனோடு பேசி நூற்றிருபது வெள்ளிக்கு முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மலாக்கா - சிரம்பான் சாலை

காதர் பாய் பிடித்துக் கொடுத்த லாரி, சிரம்பானுக்குக் கருவாடு ஏற்றிப் போவது. ஓட்டுநர் ராஜு, உஜோங் பாசிரில் வீடு, நல்ல வாயாடி. மேசையைச் சாக்கால் சுற்றி மூட்டைகளுக்கு நடுவே கட்டினோம். பின்பக்கம் திறந்த சின்ன ஜன்னல் ஒன்று என் தலைக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வாசலில் நின்ற பீபிக் கையசைக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் லாரி தெருமுனையில் திரும்பியதுமே சத்தமாக ஆரம்பித்தேன்: “டத்தோ, காஜா பேராங்கை விட்டுப் போகிறோம்!” மலாயில்தான்.

ராஜு சடக்கென்று திரும்பினார். “அம்மா, பின்னாடி யாரும் ஏறிட்டாங்களா?”

“ஒரு பெரியவர். நீங்க ரோட்டைப் பாருங்க.”

அலோர் காஜா வரைக்கும் அவருக்கு நான் விஷயத்தைச் சொல்லவில்லை. பாலம் வந்தால் பாலம் என்றேன். இடது பக்கம் போலீஸ் நிலையம், வலது பக்கம் சந்தை என்றேன். மலாக்காவைத் தாண்டாத மனிதருக்கு என்னவெல்லாம் தெரிந்தால் நல்லது என்று யோசித்து யோசித்துச் சொன்னபோது, நேற்று பஸ்ஸில் வந்தபோது நான் எதையுமே சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அலோர் காஜா தாண்டி ஒரு மலாய்க் கம்பத்தில் கூரையெல்லாம் கறுத்த அத்தாப்பு ஓலை. அதன் நடுவே ஒரே ஒரு வீட்டுக்கு நீலத் தகரம். அதையும் சொன்னேன். அடையாளத்துக்கு ஆகும் அல்லவா.

தம்பினில் தேநீருக்கு நிறுத்தியபோது ராஜுவால் பொறுக்க முடியவில்லை. முழுக் கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கருவாட்டு மூட்டைக்கு நடுவுல உக்கார வச்சுட்டோமே லா” என்று வருத்தப்பட்டார். பிறகு போய்ச் சாக்கை இழுத்துச் சரி செய்தார்.

தம்பினுக்குப் பிறகு மழை. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. நான் சந்திரனைப் பற்றியும், போனதும் மேசையை எங்கே போடுவது என்பதைப் பற்றியும் நினைத்துக்கொண்டு கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன். திடீரென்று லாரி ஓரங்கட்டி நின்றது.

“என்ன ராஜு?”

“ரெம்பாவ் தாண்டிட்டோம். நீங்க சொல்லவே இல்ல.”

“ஐயையோ!”

“திருப்பிருவோமா? மழையில பெரியவர் வழி தவறிப் போய்ட்டா பாவம் லா.”

திருப்பினார். சத்தியமாகத் திருப்பினார். கருவாடு ஏற்றிய லாரி, நனைந்த சாலையில், ரெம்பாவ் கடைத்தெரு வரை திரும்பிப் போயிற்று. நான் ஜன்னலில் தலையை நுழைத்து, “டத்தோ, இது ரெம்பாவ், என்னை மன்னித்துவிடுங்கள், தூங்கிவிட்டேன்” என்றேன். ராஜுவும் தன் பங்குக்கு, “டத்தோ, இங்கேயிருந்து நேர் ரோடு, பயமில்லை” என்று மலாயில் கத்தினார். கடை வாசலில் நின்றவர்கள் எங்களை என்ன நினைத்தார்களோ.

ஞாயிற்றுக்கிழமை அந்தி, சிரம்பான்

விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்தோம். இவரும் சந்திரனும் மேசையை இறக்கி, முன்னறையில் ஜன்னலோரம் போட்டார்கள். “செக்ரட்டரியம்மா கருவாட்டு செண்ட் போட்டுட்டு வந்திருக்காங்க” என்றார் சந்திரன். பிள்ளைகள் சிரித்தார்கள். வினோதம் என்னவென்றால், எனக்கு இந்தத் தடவை ஒன்றும் கூசவில்லை. ஊருக்கு நடுவே, கடைத்தெருவில், மழையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கெரானியிடம் ஐம்பது மைலும் கத்திக்கொண்டு வந்தவள் நான். இனி யார் சிரித்து எனக்கு என்ன ஆகிவிடும்?

சேலையைக்கூட மாற்றவில்லை. சாவியைப் போட்டுத் திறந்து பலகையைச் சாய்த்தேன். பழ வாசனை இன்னும் இருந்தது. நாலு மாதமாகத் தொடாத பேனாவில் மை ஊற்றினேன். பூட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற ஒரு பெரிய கதை எழுத வேண்டுமென்றுதான் இந்த மேசையைத் தேடிப் போனேன். ஆனால் காஜா பேராங்கில் ஒரு அம்மா இந்த நேரத்தில் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே அந்த மேசையில் நான் எழுதிய முதல் வரி தமிழ் அல்ல. பூட்டி வைக்கிறதும் அல்ல. தபால்காரர் முதல் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஓர் அஞ்சலட்டை. சந்திரன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தார்: “‘டத்தோ சுடா சம்பாய்.’ யாருக்கு இது? அப்படின்னா என்ன அண்ணி?”

“தாத்தா வந்து சேர்ந்துட்டார்” என்றேன்.